கொடுவாளுக்கு ஓர் இடம்

பலகை பனியில் நனைந்து கிடக்கிறது, கோடு போட்டால் சாக்கட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. துணியில் குறி வைக்கும் நீலச் சாக்கட்டிதான் இது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள் நான், கண்ணால் பார்த்தே இடுப்பளவு சொல்வேன், ஆனால் மரம் துணி இல்லை. துணியைத் தப்பாக வெட்டினால் மடித்து உள்ளே தைத்துவிடலாம், பலகையைத் தப்பாக அறுத்தால் அறுத்ததுதான். நாலடி மூணு அங்குலம். சமையலறைக்குப் பின்னால் ஒரு சார்ப்பு, அதைத் தாங்க இரண்டு மரத்தூண், தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாலடி மூணு அங்குலம். இன்ச் டேப்பால் மூன்று தடவை அளந்துவிட்டேன், மூன்று தடவையும் அதேதான், இருந்தாலும் நாலாவது தடவை அளக்கப் போகிறேன். அளவுக்காக இல்லை. தூண்வரைக்கும் போனால் திரும்பும்போது அவரைப் பார்க்கலாம், பார்க்கிற மாதிரி இல்லாமல் பார்க்கலாம். இருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில், கம்பளிக் குல்லாவும் மஃப்ளருமாக, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அங்கமுத்து உட்கார்ந்திருக்கிறார். தோட்டக்கலைத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த ஏற்காடு மலையில் எத்தனை ஆரஞ்சுச் செடிக்கு ஒட்டுக் கட்டிய கை அது என்று அவருக்கே கணக்குத் தெரியாது. இப்போது அந்தக் கை சும்மா இருக்கிறது. கண் மட்டும் சும்மா இல்லை. நான் டேப்பை எடுத்தால் டேப்போடு வருகிறது, ரம்பத்தை எடுத்தால் ரம்பத்தோடு வருகிறது, என் முகத்துக்கு மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

அறுக்க ஆரம்பித்துவிட வேண்டியதுதான். சில்வர் ஓக் பலகை, நாற்று ட்ரே வைக்க அலமாரி செய்யலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அவரே வாங்கி அடுக்கியது, அதற்குப் பிறகு எதற்கு வாங்கினோம் என்பதை மறந்தார், பிறகு வாங்கியதையே மறந்தார். ரம்பம் முதல் இழுப்பில் துள்ளுகிறது. பெருவிரலை ஓரமாக வைத்து மெதுவாக இழுத்துத் தடம் பிடிக்க வேண்டும், அவர் செய்யும்போது பார்த்திருக்கிறேன். சாக்கில் கருவிகளையெல்லாம் பரப்பி வைத்திருக்கிறேன், அவர் இட்லி சாப்பிடும்போதே ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்துவிட்டேன். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, சருகுவாரி, கைக்கோடாலி, கவாத்துக் கத்திரி, கருக்கரிவாள், கொடுவாள். எட்டு. எட்டுக்கும் எட்டு இடம். மேல் பலகையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரிய ஆணி, கீழே காம்பு வந்து நிற்க ஒரு பலகை, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கட்டை, கட்டைக்குக் கொண்டி, கொண்டிக்குப் பூட்டு. சமையலறை ஜன்னலில் இருந்து நேரே தெரியும், தாளித்துக்கொண்டே எண்ணிவிடலாம், ஏழு என்று வந்தால் அடுப்பை அணைக்கலாம். அணைத்துவிட்டு? அணைத்துவிட்டு என்ன செய்வேன்? அதை யோசிக்கவில்லை. அதுவரைக்கும் வந்து யோசனை நின்றுவிடுகிறது, மாடு வாசல்படிக்கு முன்னால் நிற்கிற மாதிரி. ஒளித்து வைக்கலாமே என்றால் வைத்துப் பார்த்தாயிற்று. ஆடி மாசம் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிப் போர்வையைப் போட்டு மூடினேன். இரண்டு நாள் தேடினார். மூன்றாவது நாள் காலையில் ரோஜாப் பாத்தியில் மண்டிபோட்டுக்கொண்டு வெறுங்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பத்து நகத்தில் நாலு நகம் பிய்ந்து ரத்தம் மண்ணோடு குழைந்து, என்னைப் பார்த்து, "களை ஏறிப்போச்சு, பாரு" என்றார். அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். ஆகையால் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், கைக்குக் கிடைக்கவும் கூடாது. காலையில் நானே பூட்டைத் திறந்து களைக்கொத்தை மட்டும் கொடுப்பேன், கூடவே நிற்பேன், வாங்கி மாட்டிவிடுவேன். நல்ல யோசனைதான். யார் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வார்கள்.

முதல் துண்டு விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. கோபமா? வியாழக்கிழமையில் இருந்து அவர் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் எனக்கு ஓர் அர்த்தம் வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் துவைக்கிற கல்லில் குனிந்திருந்தேன், என் பச்சைப் புடவையை அலசிக்கொண்டிருந்தேன், சோப்பு நுரையில் ஒரு நிழல் விழுந்தது. நிழலைத்தான் முதலில் பார்த்தேன். நிழலின் கையில் இருந்த வளைவைப் பார்த்தேன். திரும்பினால் ஓர் அடி தூரத்தில் கொடுவாளோடு நிற்கிறார். "யாரு நீ?" என்றார். விளையாட்டு இல்லை. முன்னே பின்னே தெரியாத ஆளைக் கேட்கிற குரல். "நான் சுலோசனாங்க" என்றேன். "சுலோசனா ஸ்கூலுக்குப் போயிருக்கா. நீ யாரு? என் வீட்டுல உனக்கு என்ன வேலை?" எனக்கு ஓடத் தோன்றவில்லை, கத்தத் தோன்றவில்லை, புடவையைப் பிழிந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தேன், கையை நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் வாழையைப் பார்த்தார், "வெயில் வர்றதுக்குள்ள சருகை அறுக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து டீ கேட்டார். "சுலோ, சர்க்கரை பத்தல" என்றார். சர்க்கரை போட்டேன். அந்த ஓர் அடியைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்ச் டேப் வைத்தால் பன்னிரண்டு அங்குலம்கூட இருந்திருக்காது. முப்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷர், அவருக்கும் எனக்கும் நடுவில் பன்னிரண்டு அங்குலம் அவ்வளவு பயமாக இருக்கும் என்று யார் நினைத்தது.

போன் அடிக்கிறது. ஹேமா. எங்களுக்கு ஒரே பெண், ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அடித்துவிடுவாள். ரம்பத்தைக் கீழே வைக்காமல் ஒரு கையால் எடுக்கிறேன். "என்னம்மா மூச்சு வாங்குது?" என்கிறாள். "ஸ்டாண்டு செய்யறேன். தோட்டத்துச் சாமானெல்லாம் மாட்டறதுக்கு." "நீயா? உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, ஆள வச்சுச் செய்யக் கூடாதா?" ஆளை வைத்தால் ஆள் கேட்பான், பூட்டு எதுக்கும்மா என்று கேட்பான், அவனுக்கு ஒரு பதில் தயார் பண்ண வேண்டும். "சும்மாதானே இருக்கேன்" என்கிறேன். "அப்பா எப்படி இருக்காரு?" "நல்லாயிருக்காரு. இங்கதான் உட்கார்ந்திருக்காரு." "போன வாரம் டாக்டர் சொன்னாரே, கத்தி அருவாளெல்லாம் கண்ணுல படாம வைங்கன்னு. வச்சியா? அம்மா, அப்பா உன்னை ஏதாவது மிரட்டினாரா? மறைக்காம சொல்லு." அவரைப் பார்க்கிறேன். அவர் என் கையில் இருக்கும் ரம்பத்தைப் பார்க்கிறார். "சே, அவரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு" என்கிறேன். சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், பெங்களூரில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்றிருக்கிறது என்று மறுபடியும் ஆரம்பிப்பாள், அங்கே ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கும், மண் இருக்காது, நாலாம் மாடியில் மண் எங்கே இருக்கும். மண் இல்லாமல் அவர் ஒரு மாசம் இருப்பாரா? ஆனால் இங்கே இருந்தால் நான் ஒரு மாசம் இருப்பேனா? இந்த இரண்டாவது கேள்வி எப்போதும் முதல் கேள்வியின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது, நான் திரும்பிப் பார்ப்பதில்லை. "தீபாவளிக்குத் தைச்ச பாவாடை உன் குட்டிக்குச் சரியா இருக்கா?" என்று பேச்சை மாற்றுகிறேன். அவளும் மாறிக்கொள்கிறாள். மாறிக்கொள்ள அவளுக்கும் ஆசைதான்.

ஆணி. எட்டு இடத்துக்குப் பதினாறு ஆணி. முதல் ஆணியைப் பலகையின் ஓரத்தில் வைத்து அடிக்க ஓங்குகிறேன். "அங்க அடிக்காத" என்கிறார். கை அப்படியே நிற்கிறது. "ஓரத்துல அடிச்சா பிளந்துக்கும். மொதல்ல சின்னதா ஓட்டை போடு. அப்புறம் ஆணியை நுழை." பழைய குரல். நர்சரியில் கூலிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாரே, அதட்டாமல், ஒரு வார்த்தை கூட்டாமல், அந்தக் குரல். "எவ்வளவு பெருசா போடறது?" என்று கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் இங்கேயே இருப்பார் என்று. எழுந்து வருகிறார். கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்து, பலகைமேல் முழங்காலை ஊன்றி, ஒன்றரை அங்குலம் தள்ளி நிதானமாகச் சுற்றுகிறார், மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வருகிறது. அவர் கழுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, தேங்காய் எண்ணெயும் பீடியும் சேர்ந்த அந்த வாசனை, பீடியை விட்டு இருபது வருஷம் ஆகியும் போகாத வாசனை. பதினாறு ஓட்டையும் அவரே போட்டார். ஒரு கோடு போல வரிசையாக இருந்தது. வெறும் கண்ணால். நான் நினைத்துக்கொண்டேன், வியாழக்கிழமை நான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன், வயசானால் பெண்களுக்கும் புத்தி பிசகும், அவருக்கு இல்லை, எனக்குத்தான். அப்போது அவர் தரையில் கிடந்த கொண்டியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு?" "பூட்டறதுக்குங்க." "எதைப் பூட்டறதுக்கு?" "இந்தச் சாமானையெல்லாம். திருட்டுப் பயம் இருக்குல்ல." "யாரு திருடறா?" என்றார். நான் ஓர் ஆணியை எடுத்து ஓட்டையில் நுழைத்துப் பார்த்தேன். "யாரு திருடறாங்கறேன்?" கருவிகளைப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார், என் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார், காலையில் இருந்து முதல் தடவையாக. அந்தக் கண்ணில் டிரில் சுற்றியவர் இல்லை. கொண்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முதுகைத் திருப்பாமல், பின்னாலேயே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேலே இருந்து பனி இறங்குகிறது. கார்த்திகையில் இப்படித்தான், பதினோரு மணிக்கு மேல் சேர்வராயன் பக்கமிருந்து வெள்ளையாக வரும், முதலில் சில்வர் ஓக் மரங்களின் தலை போகும், பிறகு காப்பிச் செடி, பிறகு வேலி. சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆணி அடிக்கிறேன். ஒன்று. அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு. ஒவ்வொரு அடிக்கும் அவர் கண் மூடித் திறக்கிறது, நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். ஏழாவது ஆணி வளைந்துவிட்டது, பிடுங்கி நிமிர்த்தினேன். பதினாறும் அடித்து முடித்துப் பலகையைத் தூணோடு வைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்காருகிறது, நாலடி மூணு அங்குலம், எனக்கே ஒரு சந்தோஷம். தூணில் அறைவதற்கு அவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். வேறு வழி இல்லை. முதல் ஆணி அடிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் தோல் கூசுகிறது, அந்த இடத்தில் ஏதோ வந்து தொடப்போகிற மாதிரி. திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் நான் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் என்ன, தெரிந்தால் அது நிஜமாகிவிடும். மேல் பலகைக்கு நாலு ஆணி. கீழ்ப் பலகைக்கு நாலு. பள்ளிக்கூடத்தில் தையல் மிஷினை ஓட்டும்போது எனக்கு எதுவும் காதில் விழாது, பெல் அடித்ததுகூடத் தெரியாது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படித்தான் ஆகிப்போனது. கடைசி ஆணியைத் தலை உள்ளே போகிறவரைக்கும் அடித்தேன், கொண்டியைத் திருகினேன், பூட்டைப் போட்டுத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. எவ்வளவு நேரம் என் சுத்தியலைத் தவிர வேறு சத்தமே கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மாட்ட ஆரம்பித்தேன். மண்வெட்டி கனமானது, ஓரத்தில். கடப்பாரை. களைக்கொத்து. சருகுவாரி. கைக்கோடாலி ஆணிக்குள் சரியாக இறங்குகிறது. கவாத்துக் கத்திரி. கருக்கரிவாள். சாக்கு காலி. சாக்கைத் தூக்கி உதறினேன், மரத்தூள் பறந்தது. எண்ணினேன், ஏழு. மறுபடி எண்ணினேன், வலமிருந்து இடமாக, ஏழு. காலையில் கொடுவாளை எடுத்துவந்தேனா? எடுத்துவந்தேன், சாக்கின் ஓரத்தில், அவர் நாற்காலிக்குத் தூரமாக இருக்கும் ஓரத்தில்தான் வைத்தேன், பிடியில் சுற்றிய சிவப்பு ரப்பர் டியூப் கையில் ஒட்டியதுகூட நினைவிருக்கிறது. அல்லது அது நேற்றா? பலகைக்கு அடியில் இருக்கும். பலகைக்கு அடியில் இல்லை. இவ்வளவும் செய்துகொண்டிருந்தேனே தவிர நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. தெரியும். திரும்பாமலேயே தெரியும். திரும்பினேன். பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மஃப்ளர், அதற்குப் பின்னால் வெள்ளை. தோட்டத்துப் படல் கதவு திறந்து கிடக்கிறது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். முதலில் வந்த நினைப்பு அதுதான், பொய் சொல்லவில்லை. உள்ளே போய்த் தாழ்போட்டு, ஹேமாவுக்கு போன் செய்து, பக்கத்து எஸ்டேட்டில் கூலியாட்கள் இருக்கிற லைன் வீட்டில் இருந்து நாலு ஆம்பிளைகளைக் கூப்பிடலாம். அவர்கள் தடியோடு வருவார்கள். தடியோடு வந்து பனிக்குள் நின்று "அங்கமுத்து சார், அதைக் கீழ போடுங்க" என்று கத்துவார்கள். அவருக்கு அவர்களும் யாரென்று தெரியாது. யார் யாரை வெட்டினாலும் அதற்கு நான்தான் காரணம். கால் அதற்குள் படலைத் தாண்டிவிட்டது. காப்பிச் செடிகள் தோளுக்கு நிற்கின்றன, இலையில் இருந்து சொட்டுகிறது, சொட்டு விழுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலடி கேட்கிறது. கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "என்னங்க" என்றேன். முப்பத்தெட்டு வருஷமாக அவருக்கு என் வாயில் இருக்கிற பெயர் அதுதான், ஆனால் அதற்குத் திரும்புகிறவர் அங்கே இருக்கிறாரா? திரும்புகிறவர் வேறு யாராவதாக இருந்தால்? "என்னங்க." இலையை விலக்கிக்கொண்டு நடந்தேன். கை கனக்கிறதே என்று பார்த்தால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எப்போது எடுத்தேன்? கீழே வைத்ததாகத்தான் ஞாபகம். எதற்காகக் கொண்டுவந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன், எனக்கு வந்த பதில் பிடிக்கவில்லை, அப்படியே ஒரு செடிக்கடியில் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு நாலடி நடந்ததும் போட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. திரும்பவும் போய் எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த நல்ல காரியம்.

ஓர் ஆரஞ்சு மரத்தடியில் இருந்தார் அவர். வேரோடு ஒண்டி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிய ஆள் மாதிரி. கொடுவாள் மடியில் இருந்தது, இரண்டு கையும் அதன்மேல் இருந்தன. என்னைப் பார்த்ததும் பிடி இறுகியது. நான் நின்றேன். பத்தடி இருக்கும். ஓடுவதென்றால் மேடு, எனக்கு முழங்கால் வலி. அவர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, என் தலையை, தலைமேல் இருந்த சால்வையைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது. "அக்கா?" என்றார். அவருக்கு ஒரே அக்கா, பாவாயி. தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவர். எந்நேரமும் தலையில் முக்காடு போட்டிருப்பார். அந்த அக்கா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. "அக்கா, சத்தம் போடாத. இப்படி வந்து உட்காரு." குரலில் நடுக்கம். போய் உட்கார்ந்தேன், அவர் பக்கத்தில், கொடுவாள் பக்கத்தில். அவர் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன். "வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை வந்திருக்காக்கா" என்றார் என் காதுக்குள். "எப்ப வந்தான்னு தெரியல. எங்கியும் போக மாட்டேங்கறா. சுலோசனா புடவையை எடுத்துக் கட்டிக்கிறா. காலையில இருந்து கத்தி, கோடாலி, அருவா எல்லாத்தையும் பரப்பி வச்சுக்கிட்டு அளக்கறா. தூண்ல மாட்டிப் பூட்டப் போறா. நான் வெறுங்கையா இருக்கணும்னு பார்க்கறாக்கா." மூச்சு வாங்கினார். "இது ஒண்ணைத்தான் எடுத்துட்டு வர முடிஞ்சது."

அப்படியெல்லாம் இல்லை சாமி, நல்லவள்தான் அவள், என்று பாவாயக்கா குரலில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், "என்னைக் கொல்லப் போறாக்கா. நிஜமாத்தான் சொல்றேன். அவ சொன்னதை நான் கேட்டேன். அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு, இந்த மனுஷன் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு சொன்னா. என் காதால கேட்டேன்." மரத்தில் இருந்து ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. சொன்னேன். உண்மைதான், ஐப்பசியில் ஒருநாள், மூன்றாவது தடவையாகப் படுக்கை நனைந்திருந்தது, குளிக்க வைக்கும்போது என் கையைக் கடித்துவிட்டார், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுப்பிடம்தான் சொன்னேன். அவர் பின்னால் நின்றிருப்பார் என்றோ, நின்றாலும் காதில் விழும் என்றோ, விழுந்தாலும் தங்கும் என்றோ எனக்குத் தெரியாது. என் பெயர் தங்கவில்லை, பெண்ணின் பெயர் தங்கவில்லை, சாப்பிட்டது தங்கவில்லை, இது தங்கியிருக்கிறது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் கொடுவாளோடு நின்றபோதும் இந்த நடுக்கம் இருந்ததா? இருந்திருக்கும். நிழலைப் பார்த்தேன், கத்தியைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. காலையில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அதை என்கிட்ட குடு, முத்து" என்றேன். அவர் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மரியாதை இல்லாமல் குடு என்றதும் முதல் தடவை. நாக்கு அந்த இரண்டு வார்த்தையிலும் இடறியது. "நான் வச்சுக்கறேன். அவ கையில கிடைக்காம." யோசித்தார். "அவ கேட்டா?" "குடுக்க மாட்டேன்." "நல்லவ மாதிரி பேசுவாக்கா. டீயெல்லாம் போட்டுக் குடுப்பா." "குடுக்க மாட்டேன் சாமி." பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். பிள்ளைகளுக்குக் கத்திரிக்கோல் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன், அப்படி, கூர் தன் பக்கம் இருக்கும்படி கொடுத்தார். சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். இரும்பு ஜில்லென்று வயிற்றில் பட்டது. "வா, வீட்டுக்குப் போலாம், நனைஞ்சுட்ட" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். படல்வரைக்கும் வந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. மெல்ல இழுத்தேன், ஸ்டாண்டைப் பார்க்காமல் இருக்க முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டு சமையலறை வாசல்வரைக்கும் வந்தார். "அவ உள்ளதான் இருப்பா" என்றார். "இருக்க மாட்டா." "நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்." அங்கேயே நின்றுகொண்டார், நிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி.

சும்மா போய்விட்டு வந்திருப்பேன், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன், என் ஏப்ரன் தொங்கியது. கூடத்தில் தையல் மிஷினுக்குப் பின்னால் பார்த்தேன். "கட்டிலுக்கு அடியில" என்று குரல் கொடுத்தார், மண்டிபோட்டுக் குனிந்தேன், முழங்கால் சுருக்கென்றது, என் பழைய செருப்பும் ஹேமாவின் பெட்டியும் இருந்தன. அலமாரியைத் திறந்தேன், என் புடவைகள். "பாத்ரூமு?" பாத்ரூம் கதவைத் தள்ளினேன், காலையில் அவசரத்தில் வைத்த என் மூக்குக்கண்ணாடி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கை போனது, அக்காவுக்குக் கண்ணாடி கிடையாது, எடுக்கவில்லை. ஒவ்வோர் அறையாக, கொடுவாளைச் சால்வைக்குள் பிடித்துக்கொண்டு, அந்தப் பொம்பளையைத் தேடினேன். ஓர் இடத்தில், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில், அவள் நிஜமாகவே எங்காவது இருந்துவிடுவாளோ என்று நின்று திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வந்தேன். "யாருமில்ல" என்றேன். "நல்லாப் பார்த்தியா?" "நல்லாப் பார்த்துட்டேன். போயிட்டா."

உள்ளே வந்தார். ஒரு காலை வைத்து, நின்று, மறு காலை வைத்து. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார், தோள் இரண்டும் இறங்கின, வியாழக்கிழமையில் இருந்து, அல்லது அதற்கும் எத்தனையோ நாள் முன்னால் இருந்து, அவ்வளவு லேசாக நான் அவரைப் பார்த்ததில்லை. பிறகு திரும்பிச் சமையலறைக் கதவை அவரே சாத்தினார். மேல்தாழ் போட்டார், எக்கிப் போட்டார். குனிந்து கீழ்த்தாழும் போட்டார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "அவ வந்து தட்டுவாக்கா" என்றார் என்னிடம், ரகசியமாக. "அழுவா. திறக்காத."

"திறக்க மாட்டேன் சாமி" என்றேன்.